தடய மொழியியல்

ஒருவர் பேசியதோ எழுதியதோ வழக்கில் சான்றாக வரும்போது, அது அவருடைய சொல்தானா, என்ன பொருளில் சொன்னார் என்று ஆராயும் துறை தடய மொழியியல். உயில், மிரட்டல் கடிதம், வாக்குமூலம் ஆகியவற்றோடு சட்டத்தின் நடையும் இதன் ஆய்வுப் பொருள்.

துறைக்குப் பெயர் வந்தது 1968-ல், ஒரு வாக்குமூல ஆய்வின் வழியே. மகளைக் கொன்றதாக 1950-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட திமோத்தி எவன்ஸின் வாக்குமூலங்களைச் சுவீடன் மொழியியலாளர் யான் ஸ்வார்ட்விக் ஆராய்ந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பகுதிகளின் இலக்கண நடை மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தது. எவன்ஸோ எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர் என்பதால், அந்த நடை அவருடையதா என்ற ஐயம் எழுந்தது.

சொல்லுக்கு உரியவர் யார் என்னும் கேள்வி தமிழகத்துக்குப் பழையது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் ஒரு முழு வழக்கே நடக்கிறது. சுந்தரர் தமக்கு அடிமை என்று அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்ததாக ஒரு முதியவர் ஓலை நீட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழித்தெறிகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர், கிழிந்தது படியோலைதான் என்று சொல்லி மூல ஓலையை எடுத்துக் கொடுக்கிறார். ஓலையில் ஒப்பமிட்டவர்கள் அதைத் தங்கள் எழுத்தே என்கிறார்கள். சுந்தரருடைய பாட்டனாரின் இன்னோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து எழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்பு வருகிறது. எழுத்தை ஒப்பிட நீதிபதிக்கு இடம் தரும் விதி 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது.

சட்டத்தின் நடையைப் பார்த்தால், வக்கீல், ஜாமீன், ஜப்தி, வாய்தா எனப் பாரசீக, அரபுச் சொற்கள் நீதிமன்றத் தமிழில் ஊறிவிட்டன. பின்பு ஆங்கிலம் வந்தது. முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான, அன்றைய மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார்.

வாக்குமூலத்தில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘வந்தாங்க, குடுத்தேன்’ என்று ஒருவர் சொல்வதை, ‘நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன்’ என்று தொடங்கும் எழுத்து நடையில் ஸ்டேஷன் ரைட்டர் பதிகிறார். சொன்னவரின் நடை அங்கேயே மறைகிறது. காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக ஏற்கக் கூடாது என்ற 1872-ஆம் ஆண்டு விதி, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

நில வழக்குகளிலோ, ஒற்றைச் சொல்லே முடிவைத் தீர்மானிக்கும். நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய கடலூர் மாவட்டக் கம்மாபுரம் வட்டாரத்தில் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்பவை நிலம் எடுக்கப்படும்போது இழப்பீட்டைத் தொடும் சொற்கள். பரம்பரையாக உழுத மண் பதிவேட்டில் ‘புறம்போக்கு’ என்று இருந்தால், அதற்கு விலை கேட்பதே பெரும்பாடு. நில எடுப்பு அறிவிப்பை ஊராட்சியில் உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம்.

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழி செய்தது. உயர் நீதிமன்றத்திலோ, அரசமைப்பின் 348-ஆம் பிரிவுப்படி ஆங்கிலம். அங்கும் தமிழ் வேண்டும் என்று 2006 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2012-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. கம்மாபுரத்து உழவரின் வழக்கு சென்னைக்குப் போனால், அவருடைய ‘புஞ்சை’ ஆங்கிலத்தில்தான் வாதிடப்படுகிறது.