அருஷாவில் எழுந்த நீதி

ஈக்காட்டுத்தாங்கலில் வாழும் நமக்கு ருவாண்டா எட்டாத் தொலைவு. ஆயினும் அந்நாட்டின் துயருக்கு நீதி வழங்கிய நடுவர்களுள் ஒருவர் தமிழ் வழிவந்தவர். 1941-இல் டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை.

1994-இல் ஏறத்தாழ 100 நாள்களில் அங்கு 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர்; பெரும்பாலோர் துட்சி இனத்தவர். அவ்வாண்டே ஐ.நா. பாதுகாப்பு அவை அமைத்த தீர்ப்பாயம் தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கியது. டாபா வட்டாரத் தலைவர் அகயேசு மீதான முதற் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை இடம்பெறவில்லை. சாட்சியம் கூற வந்த பெண்கள் வாய் திறந்தனர். 1997-இல் அது திருத்தப்பட்டது. இனத்தை அழிக்கும் நோக்குடன் இழைக்கப்படும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையே என 1998 செப்டம்பர் 2-இல் தீர்ப்பாயிற்று. மூவர் அமர்வில் நவநீதம் ஒருவரே பெண்.

அந்நீதி திருச்சபையின் வாயிலையும் தட்டியது. நியாங்கே ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர்மீது அவ்வாலயத்தையே இடித்துத் தள்ளியதில் பங்குகொண்ட குருவானவர் செரோம்பாவுக்கு 2008-இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையினரின் பாவங்களுக்காக இறைவனின் மன்னிப்பை மன்றாடினார்.

மன்னிப்பை நாம் நாடோறும் வேண்டுகிறோம். எனினும் குற்றத்தைப் பெயரிட்டு உரைக்கும் நீதி முன்செல்லாவிடில், மன்னிப்பு வெறும் மறதியாகிவிடும் அன்றோ!