கித்துல்கலயில் நெஞ்சுத்தசைப் பயிற்சி: எண்ணிக்கையா, சுமையா?

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில், களனி கங்கையை ஒட்டியுள்ள கித்துல்கல படகுச் சவாரிக்குப் பேர்போனது. சுற்றிலும் றப்பர், தேயிலைத் தோட்டங்கள். உழைக்கிற உடலில் நெஞ்சு தானாகவே திரண்டுவிடும் என்ற நம்பிக்கை இங்கு எளிதில் எழக்கூடியது. உடற்கூற்றியல் அதற்கு இடந்தருவதில்லை.

பெருமார்புத்தசை காறை எலும்பிலும் மார்பெலும்பிலும் தொடங்கி மேற்கை எலும்பில் முடிகிறது. விரிந்த கையை உடலின் குறுக்கே கொண்டுவருவது அதன் தலையாய வேலை. துடுப்பு வலிக்கும்போது பெரும்பாடு படுபவை முதுகுத்தசைகளும் உடலைத் திருகும் தசைகளும். கித்துள் மரமேறுவதும் இழுப்புத்தான். கொழுந்து பறிக்கையில் கை முன்னே நீள்கிறதே தவிர, எதையும் தள்ளுவதில்லை. ஆகவே இங்கு குறைவது தள்ளும் பயிற்சி. நெஞ்சுக்குச் செய்யுமளவு முதுகுக்கும் செய்ய வேண்டும் என்ற ஜிம் விதி, நாள் முழுக்கத் துடுப்பு வலிப்பவருக்கு அப்படியே பொருந்தாது என்பேன்.

தள்ளுவதற்கு பெஞ்சும் இரும்பும் கட்டாயமா? கிக்குச்சி, நக்கசாட்டோ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 18 ஆண்கள் 8 வாரம் பயின்றனர். ஒரு குழு தன் உச்ச சுமையின் 40 விழுக்காட்டை பெஞ்ச் பிரஸ்ஸில் தூக்கியது. மற்றது அதற்கு நிகரான சுமையில் தண்டால் எடுத்தது. நெஞ்சுத்தசையின் தடிப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனால் லயத்து முற்றத்தில் பயில்பவனுக்கு அது போதிய துணிவு தரும்.

சிக்கல் வேறிடத்தில். தண்டால் பழகியவன் 20ஐ 50 ஆக்குவான், 50ஐ 100 ஆக்குவான். தாக்குப்பிடிக்கும் ஆற்றல் கூடும். தசை அதே வேகத்தில் பருக்காது. கூட்ட வேண்டியது சுமை. எப்பன் குழுவினர் 2011இல் அளந்தபடி, வழக்கமான தண்டாலில் கைகள் தாங்குவது உடலெடையின் 64 விழுக்காடு. பாதங்களை 60 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தால் 74. 60 கிலோ இளைஞனுக்கு இது 38 கிலோவிலிருந்து 44 கிலோவாக ஏறுவது. காறை எலும்பையொட்டிய மேற்பகுதிக்கும் கூடுதல் வேலை கிடைக்கும். அதுவும் இலகுவானால் முதுகில் அரிசி நிரப்பிய பை. கைகளை இரு செங்கற்கள்மேல் ஊன்றினால் நெஞ்சு இன்னும் கீழிறங்கி, தசை நன்கு விரியும். அவசரமின்றி இறங்கி, இன்னும் ஓரிரண்டுதான் முடியும் என்ற நிலையில் நிறுத்தினால் போதும். 30ஐத் தாண்டினால் சுமை போதவில்லை என்று கொள்ளலாம்.

கடினமான பகுதி தட்டில் இருக்கிறது. தசை வளர்ச்சிக்கு உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் அளவு. அதே இளைஞனுக்கு 96 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் முதன்மை உணவாக உள்ள வீட்டில் பருப்பு, கடலை, நெத்தலி, முட்டை ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்தாலொழிய அந்த அளவு எட்டாது. ஆனால் இவற்றை நாள்தோறும் வாங்குவது எளிதல்ல: 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய்தான்.