சொந்த ஏவுகணையும் நமது கேள்வியும்



1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஷா ஆலம் ஆலையிலிருந்து முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. செராஸ் சாலையில் அது ஓடியதைக் கண்டு நாமெல்லாம் பெருமை கொண்டோம். ஆனால் செராஸ் பட்டறைக்காரர் அதன் முன்மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஜப்பானின் மிட்சுபிஷி எஞ்சின். லோட்டஸ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய சொந்த எஞ்சினைப் புரோட்டோன் 2004இல்தான் காரில் பொருத்தியது. அப்படியானால் 'தேசியக் கார்' என்ற சொல் பொய்யா? இல்லை. எந்தப் பகுதி நம்முடையது என்று கேட்டால்தான் அந்தச் சொல்லுக்கு முழுப் பொருள் கிடைக்கும்.

எதிரி விமானத்தை வீழ்த்தும் ஏவுகணைக்கும் இது பொருந்தும். நம் நாடு ஜெர்னாஸ், ஸ்டார்ஸ்ட்ரீக் போன்றவற்றைப் பிரிட்டனிடம் விலைக்கு வாங்கியது. தானே செய்வதாகச் சொன்ன நாடு இந்தியா. ஆகவே அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

1970களில் இந்திய அறிஞர்கள் சோவியத் ஏவுகணை ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதைப் போலவே செய்ய முயன்றார்கள். 'டெவில்' எனப்பட்ட அம்முயற்சி முழு வெற்றி பெறாமல் 1980இல் நின்றது. ஆயினும் அங்கே கற்ற பாடம் பின்னர் பிருத்வி ஏவுகணைக்கு உதவியது.

1983இல் ஐந்து ஏவுகணைகளுக்கான பெருந்திட்டம் தொடங்கிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் என்பதால் தமிழர்களாகிய நமக்கும் அதில் தனிப் பெருமை உண்டு. அவற்றுள் வானைக் காப்பவை திரிசூல், ஆகாஷ் ஆகிய இரண்டும். திரிசூல் எதிர்பார்த்தபடி அமையவில்லை. கடற்படை இஸ்ரேலின் பராக் ஏவுகணையை வாங்க நேர்ந்தது. 2008இல் திரிசூல் திட்டம் மூடப்பட்டது.

ஆகாஷ் 1990இல் முதன்முதலாகப் பறந்தது; 2015இல்தான் முறைப்படி படையில் சேர்ந்தது. திட்டம் தொடங்கி 32 ஆண்டுகள்! இதைச் சோவியத் நாட்டின் கூப் ஏவுகணையின் நகல் என்று சிலர் சொல்வதுண்டு. காற்றை உள்ளிழுத்து எரியும் உந்துபொறியில் இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் கூப் ஏவுகணை, இலக்கில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையைத் தானே பின்பற்றிச் செல்வது. ஆகாஷோ, தரையிலிருக்கும் 'ராஜேந்திரா' ரேடார் தரும் கட்டளைப்படி செல்வது. அந்த ரேடார் இந்தியாவில் உருவானது. ஆகவே 'முழுதும் நகல்' என்பதும் தவறு. 'முழுதும் சொந்தம்' என்பதும் ஆராயாத பேச்சு.

2020இல் இந்திய அரசு, ஆகாஷ் 96 விழுக்காட்டுக்கு மேல் உள்நாட்டுத் தயாரிப்பு என அறிவித்தது. எதில் 96 விழுக்காடு? விலையிலா, உதிரிப் பாகங்களின் எண்ணிக்கையிலா? இதைக் கேட்பது குற்றமன்று.

சொந்தத் தயாரிப்பு என்பதாலேயே ஓர் ஆயுதம் நல்லதாகிவிடாது. 2014 ஏப்ரல் முதல் நவம்பர் வரை 20 ஆகாஷ் ஏவுகணைகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 6 தோல்வியுற்றன. அதாவது 30 விழுக்காடு. சில இலக்கை எட்டாமலே விழுந்தன. இதை வெளியே சொன்னது பகை நாடன்று. இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2017இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையே சொன்னது. 2025 மே மோதலில் ஆகாஷ் சிறப்பாகச் செயல்பட்டதாக அரசு அறிவித்தபோது, அந்த 6 தோல்விகளை அறிந்தவரே அச்செய்தியைச் சரியாக எடைபோட வல்லவர்.

நேயர்களே, ஏவுகணை குறி தவறினால் கீழே இருப்பது ஓர் ஊர். அங்கே உறங்கும் குழந்தையைக் காப்பது விழாமேடைப் பேச்சு அன்று. சோதித்துத் தவறு கண்டு திருத்திய கருவியே. எனவே 'எங்களுடையது' என்று எந்த நாடு சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம்: எந்தப் பகுதி சொந்தம்? எத்தனை முறை சோதித்தார்கள்? எத்தனை முறை தவறியது? கலாமை மதிக்கும் நாமும் தயங்காமல் இவற்றைக் கேட்கலாம். ஐயம் நாட்டுப்பற்றுக்குப் பகையன்று, அதன் காவலன்.