மதிப்பீட்டில் வராத மாரிகள்

மன்னார்–மதவாச்சி வீதியில், கட்டுக்கரைக்குளத்து வயல்களை அண்டி இருக்கும் உயிலங்குளத்தின் பெயரை வெளியூர்க்காரர் பலர் அறிந்தது ஒரு சாவடியால்தான். 2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் பகுதிக்கும் இடையே மக்கள் கடந்துபோன இடங்களில் இதுவும் ஒன்று. எல்லைக்கோடு ஓடிய ஊர்களில் வீடுகள் ஆளில்லாமல் நின்றன. ஆட்கள் திரும்பி வந்து அவற்றைத் திருத்தத் தொடங்கியபோது, கையில் கிடைத்த உதவித்தொகையும் போட்ட கணக்கும் பாதியிலேயே தீர்ந்துபோன கதை வன்னி முழுவதும் உண்டு. குடும்பங்களுக்குச் சிக்கனம் தெரியாததால் அப்படி நடந்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பழைய வீட்டைத் திருத்தும்போது திடீரென்று முளைப்பதாகத் தோன்றும் செலவில் பெரும்பங்கு பல ஆண்டுகளாகச் சேர்ந்துவந்த செலவு. நிற்கும் சுவரை அளந்த மதிப்பீடுகள், அந்தச் சுவர் எத்தனை மாரி நனைந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தப் பகுதியில் வீட்டுப் பராமரிப்பு ஒருகாலத்தில் ஆண்டுக் கணக்கில் இருந்தது. மண்சுவர் எழுப்பி, கிடுகோ பனையோலையோ வேய்ந்த வீட்டுக்குச் செலவு எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூரை வேய்வதும் சுவரை மெழுகுவதும் மாரிக்கு முந்திய வேலைகள். ஓலை சொந்த வளவில் கிடைக்கும், ஆளுதவி அயலில் கிடைக்கும். ஓடும் சீமெந்தும் வந்தபோது அந்த ஆண்டுச் செலவு மறைந்தது. ஆனால் பழுது மறையவில்லை. பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக வரும் செலவாக அது மாறியது. குளங்களுக்கும் இதேதான் நடந்தது. 1830களின் தொடக்கத்தில் பிரித்தானியர் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய உழைப்பு ஒழிந்தது நியாயமே. ஆனால் குளக்கட்டில் ஆண்டுதோறும் மண் போடும் கடமையும் அதோடு சேர்ந்து தளர்ந்தது, அதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் வரவில்லை. ஊர்வழக்கப்படி நீர்ப்பாசன வேலைகளைச் செய்விக்க 1856இல் ஒரு சட்டம் இயற்றவேண்டி வந்தது. கட்டுக்கரைக்குளம் மீண்டும் நீர் தேக்கும் நிலைக்கு வர அந்த நூற்றாண்டின் இறுதியாயிற்று. அங்கே ஆண்டு வேலை நின்ற இடத்தில் பெருஞ்செலவு பிறந்தது. போர்க்காலத்து வீடுகளில் அது இன்னும் வேகமாகப் பிறந்தது.

கூரை போன வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஓடு இறங்கியவுடன் சுவரின் தலை மழைக்குத் திறந்துவிடுகிறது. கல்லுக்கிடையில் போட்ட சாந்து மேலிருந்து கீழே கரைகிறது. நிலைகளிலும் யன்னல் சட்டங்களிலும் கறையான் ஏறுகிறது. லின்டலுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. வெளிப்பூச்சு மட்டும் பார்வைக்கு நன்றாக இருக்கும். புதிய கூரையின் பாரத்தை ஏற்றும் நாளில்தான் சுவரின் உண்மை நிலை தெரியும். இதோடு நிலமும் சேர்ந்துகொள்கிறது. உயிலங்குளம் இருக்கும் அதே வீதியில் அப்பால் உள்ள முருங்கன் பக்கத்துக் களிமண், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளாகப் போன மண். மழையில் ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது அதன் இயல்பு. நெல்லுக்கு நல்ல மண் அது, அத்திவாரத்துக்கு மோசமான மண். அதன்மேல் நிற்கும் சுவரில் வெடிப்பைக் கண்டால் பூசி மூடுவதா, அத்திவாரத்தைத் திறந்து பார்ப்பதா என்ற கேள்வி எழும். திறந்தால் வேலை இரட்டிக்கும். மூடினால் இரண்டு கோடை கழித்து அதே வெடிப்பு திரும்பி வரும். மண்ணின் இந்தக் குணம் அங்கு உழுத எவருக்கும் புதிதல்ல. தெரிந்திருந்த ஒன்று மதிப்பீட்டுத் தாளில் ஏறவில்லை என்பதே என் குறை.

உதவித்தொகைகளின் வரலாற்றைப் பார்த்தால் தொகைகளும் இதையே சொல்கின்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் முற்றாக அழிந்த வீட்டுக்கு அரசு ஒதுக்கிய தொகை 2,50,000 ரூபாய். உலக வங்கிக் கடனில் நடந்த வடகிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டமும் அதே தொகையில் தொடங்கி, பின்னர் அதை 3,25,000 ஆக உயர்த்தியது. 50,000 வீடுகளுக்கான இந்திய வீடமைப்புத் திட்டத்தில், உரிமையாளர் தாமே கட்டும் பகுதி 2012இல் தொடங்கியபோது புது வீட்டுக்கு 5,50,000, திருத்தத்துக்கு 2,50,000. ஏழாண்டுக்கு முன் முழு வீட்டுக்கென்று வைத்த பணம் திருத்தத்துக்கு மட்டுமான பணமாகியிருந்தது. தொகையை உயர்த்தினார்கள், அது பாராட்டத்தக்கது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்ற நிலையான கணக்கு மட்டும் மாறவில்லை. பணம் கட்டம் கட்டமாக வந்தது. ஒரு கட்ட வேலை முடிந்ததை அலுவலர் பார்த்து உறுதிசெய்தால்தான் அடுத்த தவணை. ஊழலைத் தடுக்க இது நல்ல வழி. ஆனால் அத்திவாரத்தில் பணம் தீர்ந்தவர் கட்டத்தை முடிக்க நகையை அடகு வைக்கவேண்டும், அல்லது சீமெந்தைக் கடனுக்கு எடுக்கவேண்டும். அரச கட்டிடத்துக்குப் பொறியியலாளர் போடும் மதிப்பீட்டின் கடைசியில் எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு வரி இருப்பது வழமை. பாடசாலைக்கும் பாலத்துக்கும் கிடைத்த அந்த ஒரு வரி, போரில் எல்லாம் இழந்து வந்த குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. இது எனக்குப் பெரிய அநீதியாகவே படுகிறது.

வீடுகளுக்கும் எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு சேமத்தொகை வேண்டும் என்பதற்கு மறுப்பாளர் சொல்வதில் வலுவான வாதம் எண்ணிக்கை பற்றியது. மொத்த நிதி மாறாது, ஒவ்வொரு வீட்டுக்கும் சேமத்தொகையாகப் பத்து வீதம் கூட்டினால் 50,000 வீடு ஏறக்குறைய 45,500 ஆகச் சுருங்கும், விடுபடும் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? கேள்வி நியாயமானது. ஆனால் கூரையோடு நின்றுபோய், பூச்சும் கதவும் இல்லாமல், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டும் வீட்டையும் முடிந்த வீடாக எண்ணித்தான் அந்த 50,000 வருகிறது. மேலும், பத்து வீதம் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவைப்படாது. ஒரு வீட்டின் அத்திவாரம் உறுதியாக இருக்கும், அடுத்த வீட்டில் நிலை எல்லாம் உக்கியிருக்கும். சேமத்தொகையை வீட்டுக்கு வீடு பிரிக்காமல், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொறுப்பில் ஊருக்குப் பொதுவாக வைத்தால் சிறிய தொகையே போதும். இருக்கிறதென்று தெரிந்தால் எல்லோரும் கேட்பார்கள் என்ற அச்சமும் உண்டு. தவணையை விடுவிக்க வரும் அதே அலுவலர், திறந்து கிடக்கும் பழுதைக் கண்ணால் கண்ட பிறகே சேமத்தொகையையும் விடுவித்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

குடும்பத்தின் சொந்த உழைப்பே சேமத்தொகை என்பது இன்னொரு வாதம். கல் அரிந்தும், மண் சுமந்தும், மேசனுக்குக் கைவேலை செய்தும் பல குடும்பங்கள் செலவைக் குறைத்தது உண்மை. ஆனால் கணவனை இழந்த பெண் தனியே நடத்தும் குடும்பத்திடம் அந்த உழைப்பை யார் எதிர்பார்க்கலாம்? காலபோக விதைப்பும் மாரியும் ஒன்றாக வரும் ஊரில், வயலில் நிற்கவேண்டிய கை கூரையில் நிற்க முடியாது. பொருளின் விலை ஏறினால் எவ்வளவு உழைத்தும் ஈடுகட்ட முடியாது. 2022இல் டொலரின் விலை சில வாரங்களிலேயே இருநூறு சொச்சம் ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதைத் தொட்டது. அப்போது கம்பியும் சீமெந்தும் ஏறியதை எந்த மேசனாலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அத்தகைய அதிர்ச்சிக்குச் சேமத்தொகையும் போதாது, தவணைத்தொகையையே திருத்தவேண்டும். மழையிலும் மண்ணிலும் இருந்து வரும் செலவு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. சிறுபோகக் கோடையில் சுவரோரம் ஒரு குழி வெட்டி அத்திவாரத்தைப் பார்ப்பதற்கும், ஒரு லின்டலின் பூச்சை உடைத்துக் கம்பியைப் பார்ப்பதற்கும், நிலையை உளியால் குத்திப் பார்ப்பதற்கும் ஒரு மேசனின் ஒரு நாள் கூலி போதும். மதிப்பீடு எழுதவேண்டியது அதற்குப் பிறகுதான். அந்தக் கூலியும் உதவித்தொகையின் முதல் தவணைக்கு முன்பே கொடுபடவேண்டும்.