லாமலேரா

லாமலேரா என்பது இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில், லெம்பாத்தா தீவின் தென்கரையில் அமைந்துள்ள ஒரு கடலோரச் சிற்றூர் ஆகும். சாவுக் கடலை நோக்கியுள்ள இவ்வூரில் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்கின்றனர். மரப்படகுகளில் சென்று, கையால் எறியும் ஈட்டியைக் கொண்டு ஸ்பெர்ம் திமிங்கலங்களை வேட்டையாடும் மரபினால் இவ்வூர் உலக அளவில் அறியப்படுகிறது.

இவ்வூரின் சொத்துரிமை முறையும் மானிடவியலாளர்களால் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. விளைநிலம் மிகக் குறைந்த இவ்வூரில், ஒரு குடும்பத்தின் முதன்மையான சொத்து படகில் அதற்கு உள்ள பங்கே ஆகும். கரைக்குக் கொண்டுவரப்படும் திமிங்கலத்தின் எந்தப் பகுதி யாருக்கு உரியது என்பதை வழக்காறு முன்கூட்டியே வரையறுத்துள்ளது.

அமைவிடம்

லெம்பாத்தா தீவு முற்காலத்தில் லொம்பிலென் என்றும் அழைக்கப்பட்டது. புளோரெஸ் தீவுக்குக் கிழக்கே அமைந்துள்ள இத்தீவு, 1999ஆம் ஆண்டில் கிழக்கு புளோரெஸ் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் தீவின் வடகரையில் உள்ள லெவோலெபா ஆகும். லாமலேரா வுலாண்டோனி துணைமாவட்டத்தில் அடங்கும். நிருவாக வசதிக்காக இது லாமலேரா அ, லாமலேரா ஆ என்னும் பொருளில் இரு ஊர்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முன்னது மேட்டிலும் பின்னது கடற்கரையை ஒட்டியும் அமைந்துள்ளன.

ஊருக்குப் பின்னால் லாபலேக்காங் எரிமலையின் சரிவு எழுகிறது. நிலம் பாறையும் சரிவுமாக இருப்பதால் வேளாண்மைக்கு ஏற்றதன்று. ஆனால் கரையை ஒட்டிய கடல் விரைவில் ஆழமாகிறது. ஆழ்கடலில் கணவாய்களைத் தேடி இரை கொள்ளும் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே கடந்து செல்ல இதுவே காரணமாகும்.

குடியேற்றமும் குலங்களும்

லாமலேரா மக்கள் லாமஹோலோட் மொழிக் குழுவைச் சேர்ந்த மொழியைப் பேசுகின்றனர். தம் முன்னோர் பிற தீவுகளிலிருந்து கடல் வழியாக வந்து இங்குக் குடியேறினர் என்பது அவர்களது வாய்மொழி மரபு. அம்மரபில் லெபான் பாத்தான் என்னும் தீவு கடலில் மூழ்கியதும், அங்கிருந்து மக்கள் தப்பி வந்ததும் கூறப்படுகின்றன. இப்பகுதித் தீவினர் ஈட்டியால் திமிங்கல வேட்டையாடியதை 1624ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு போர்த்துக்கேய ஆவணம் குறிப்பிடுகிறது.

ஊர் பல தந்தைவழிக் குலங்களாகப் பிரிந்துள்ளது. அவற்றுள் பிலிகோலோலோங், பத்தாவோனா, லெவோத்துக்கா ஆகிய மூன்றும் முதன்மையானவை. குடியேறியோர் வருமுன்பே இங்கு வாழ்ந்த குலங்களின் வழியினர் 'தானா அலெப்' எனப்படுகின்றனர். 'தானா' என்பது நிலத்தையும், 'அலெப்' என்பது உடையவரையும் குறிக்கும். குடியேறியோர்க்குக் கரையில் இடமளித்தவர்கள் இவர்கள் என்பதால், பிடிபடும் ஒவ்வொரு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலைப்பகுதியிலும் இவர்களுக்கு உரிமை உண்டு. பல தலைமுறைகளுக்கு முன் கொடுக்கப்பட்ட நிலத்திற்கு இன்றும் தொடர்ந்து செலுத்தப்படும் ஈடாக இதனைக் கருதலாம்.

தேனா

வேட்டைக்குப் பயன்படும் மரபுப் படகு உள்ளூர் மொழியில் 'தேனா' என்றும், இந்தோனேசிய மொழியில் 'பெலேடாங்' என்றும் அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள இப்படகு இரும்பு ஆணி இன்றிக் கட்டப்படுகிறது. பலகைகள் மரமுளைகளால் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. பலகைகளின் உட்புறத்தில் செதுக்கி விடப்பட்டுள்ள குமிழ்களோடு குறுக்குச் சட்டங்கள் கயிற்றால் பிணைக்கப்படுகின்றன. இவ்வாறு கட்டப்படுவதால், திமிங்கலம் மோதும்போது படகு உடையாமல் ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கிறது. பாய் கெபாங் பனையோலையால் முடையப்படுகிறது. படகுகள் கடற்கரையில் வரிசையாக அமைந்த ஓலைக் கூரைக் கொட்டகைகளில் நிறுத்தப்படுகின்றன.

ஒவ்வொரு தேனாவும் ஒரு குலத்தின் அல்லது குலக்கிளையின் பெரிய வீட்டோடு தொடர்புடையது. தேனாவுக்குத் தனிப்பெயர் உண்டு. பழைய படகு பழுதடைந்தால், அதற்குப் பதிலாகக் கட்டப்படும் படகுக்கும் அதே பெயர் இடப்படுகிறது. மரம் மாறினாலும் பெயரும், அப்பெயரோடு இணைந்த உரிமைகளும் மாறுவதில்லை.

வேட்டை

வேட்டைக்குரிய பருவம் 'லெஃபா' எனப்படுகிறது. இது மே மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கிறது. இக்காலத்தில் வானிலை இடங்கொடுக்கும் நாட்களில் படகுகள் கடலுக்குச் செல்கின்றன. மற்ற மாதங்களில் கரையிலிருந்து திமிங்கலம் தென்பட்டால் 'பலேயோ' என்னும் கூக்குரல் ஊரெங்கும் பரவுகிறது. அதைக் கேட்டதும் ஆடவர் தம் வேலையை விட்டுக் கரைக்கு விரைகின்றனர்.

ஈட்டி எறிபவர் 'லாமஃபா' எனப்படுகிறார். அவர் படகின் முன்பக்கத்தில் நீண்டிருக்கும் மூங்கில் மேடையில் நின்று, நீண்ட மூங்கில் காம்பில் செருகிய ஈட்டியோடு திமிங்கலத்தின் மீது பாய்கிறார். அவரது உடல் எடையே ஈட்டியை ஆழமாக இறக்குகிறது. ஈட்டிமுனை கயிற்றால் படகோடு பிணைக்கப்பட்டிருக்கும். எனவே, காயமுற்ற திமிங்கலம் படகையும் இழுத்துக்கொண்டு ஓடும். 1994 மார்ச்சில் திமிங்கலத்தால் இழுக்கப்பட்ட சில படகுகள் திமோர் தீவை நோக்கி வெகுதொலைவு சென்றுவிட்டன. அவற்றில் இருந்தோரை ஒரு பயணிகள் கப்பல் மீட்டது. படகுகளைக் கைவிட நேர்ந்தது.

ஸ்பெர்ம் திமிங்கலம் தவிர ஓங்கில், கொம்புத்திருக்கை, சுறா, சூரிய மீன் முதலியனவும் வேட்டையாடப்படுகின்றன. பல்லற்ற திமிங்கலங்களான நீலத் திமிங்கலம் முதலியவற்றைக் கொல்வது மரபுப்படி விலக்கப்பட்டுள்ளது.

பங்கு முறை

தேனா எந்தவொரு தனிமனிதரின் சொத்தும் அன்று. அதை நிருவகிக்கும் பொறுப்பாளர் 'தேனா அலெப்' எனப்பட்டாலும், அவர் அதைத் தம் விருப்பப்படி விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ முடியாது. பிடிபட்ட விலங்கின்மீது உரிமை கொண்டோர் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றனர்:

* பங்குடைமையாளர்: 'உமா அலெப்' எனப்படும் இவர்கள் படகைக் கட்டவும் பழுதுபார்க்கவும் பொருளும் உழைப்பும் தருவோர். பழுதுபார்க்கும் நாட்களில் வேலை செய்வோருக்கு உணவளிப்பதும் இவர்களது கடமை. இப்பங்குகள் பெரும்பாலும் தந்தைவழியில் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன.
* படகுக் குழுவினர்: அன்றைய நாளில் கடலுக்குச் சென்றோர். லாமஃபா, அவரது துணைவர், சுக்கான் பிடிப்பவர், துடுப்பு வலிப்போர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். இவர்கள் படகுக்குரிய குலத்தைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.
* தொழில்வினைஞர்: படகு கட்டும் தச்சர், ஈட்டிமுனை அடிக்கும் கொல்லர், பாய் அமைப்போர் ஆகியோர். இவர்கள் அன்று கடலுக்குச் செல்லாவிட்டாலும் பங்கு பெறுவர்.

ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் இடம்பெறலாம். பங்குடைமையாளராகவும் தச்சராகவும் உள்ள ஒருவர் அன்று துடுப்பும் வலித்திருந்தால், அவருக்கு மூன்று வழிகளில் பங்கு சேரும். பல படகுகள் சேர்ந்து ஒரு திமிங்கலத்தை வீழ்த்தினால், முதலில் அவற்றுக்கிடையே பிரிவினை நடைபெற்று, பின்னர் ஒவ்வொரு படகின் பங்கும் மேற்கூறியவாறு பகுக்கப்படுகிறது.

இம்முறையில் உரிமையும் கடமையும் இணைந்தே செல்கின்றன. திமிங்கலம் கிடைப்பது அரிது. பெரும்பாலான நாட்களில் படகுகள் வெறுமையாகவே திரும்புகின்றன. எனினும் ஒரு தேனாவைக் கடலுக்குச் செல்லும் நிலையில் வைத்திருக்க ஆண்டு முழுவதும் பலரது உழைப்பு தேவைப்படுகிறது. ஒரு குடும்பம் தனித்து இதைச் செய்ய இயலாது. எதுவும் கிடைக்காத நாட்களிலும் மக்கள் படகைக் கைவிடாமல் பேணுவதற்கு, கிடைக்கும் நாளில் தமக்குரியது தவறாது வந்துசேரும் என்னும் உறுதியே அடிப்படையாக உள்ளது.

இறைச்சி பங்கிடப்பட்டு வீடுகளை அடைந்த பின்னர் இரண்டாம் கட்டப் பகிர்வு தொடங்குகிறது. பங்கு பெற்ற குடும்பங்கள் உறவினருக்கும் அயலாருக்கும், கடலுக்குச் செல்ல ஆளில்லாத கைம்பெண்களின் வீடுகளுக்கும் இறைச்சி கொடுக்கின்றன. முதற்கட்டப் பகிர்வு உரிமையின் அடிப்படையிலும், இரண்டாம் கட்டப் பகிர்வு கொடையின் அடிப்படையிலும் நிகழ்கிறது.

பண்டமாற்று

இறைச்சி நீளக் கீற்றுகளாக அறுக்கப்பட்டு, வீட்டு முற்றங்களில் மூங்கில் கம்புகளில் உலர்த்தப்படுகிறது. உலர்ந்த கீற்றுகள் நெடுநாள் கெடாதிருப்பதால், அவை உணவாக மட்டுமன்றிச் சேமிப்பாகவும் பயன்படுகின்றன. இவற்றைக் கொண்டு மலையூர்களிலிருந்து சோளம், அரிசி, வாழை, கிழங்கு முதலியவற்றைப் பெறுவது பெண்களின் பணியாகும். அவர்கள் கூடைகளைத் தலையில் சுமந்து மலைப்பாதைகளில் நடந்து செல்கின்றனர். அருகிலுள்ள வுலாண்டோனியில் சனிக்கிழமைதோறும் பண்டமாற்றுச் சந்தை கூடுகிறது. விசில் ஊதிய பின்னரே இங்கு மாற்று தொடங்கும். எத்தனை சோளக்கதிருக்கு எத்தனை கீற்று என்பது வழக்காற்றால் அமைந்த கணக்காகும்.

எனவே, ஆடவர் கொண்டுவரும் இறைச்சி பெண்களின் வணிகத்தின் வழியாகவே அன்றாட உணவாகிறது. கடலில் எதுவும் கிடைக்காத ஆண்டில் அதன் பாதிப்பு முதலில் சோளப் பானையில் தெரியும்.

திருமணமும் குலச் சொத்தும்

திருமணம் குலத்திற்கு வெளியே, பெண் கொடுக்கும் குலம், பெண் எடுக்கும் குலம் என்னும் நிலையான உறவுமுறையின்படி நடைபெறுகிறது. லாமஹோலோட் பகுதி முழுவதும் யானைத் தந்தம் மணமகன் வீட்டார் தரும் பரிசப்பொருளாக விளங்கி வந்துள்ளது. இத்தீவுகளில் யானைகள் இல்லை; தந்தங்கள் பழங்காலக் கடல் வணிகத்தால் வந்தவை. இவற்றுக்கு எதிர்ப்பரிசாகப் பெண் வீட்டார் கைத்தறித் துணிகளை வழங்குகின்றனர். நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்யப்படும் இக்கத் துணிகளில் தேனா, திமிங்கலம், கொம்புத்திருக்கை ஆகிய உருவங்கள் இடம்பெறுகின்றன. இந்தியாவின் குசராத்திலிருந்து வணிகர் கொண்டுவந்த பழைய பட்டோலாத் துணிகளைச் சில குலங்கள் குலச் சொத்தாகப் பாதுகாத்து வந்துள்ளன.

சமயம்

ஊரார் பெரும்பாலும் கத்தோலிக்கக் கிறித்தவர்கள். இங்கு முதல் திருமுழுக்கு 1886ஆம் ஆண்டில் நடைபெற்றது. 1920இல் பெர்னார்டு போடே என்னும் செருமானியக் குரு இங்கு வந்து தங்கி, சமயப் பணியை நிலைபெறச் செய்தார். கடலில் இறந்தோருக்கான வழிபாடு ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் நடைபெறுகிறது. மறுநாள் மே 1ஆம் நாள் கடற்கரைச் சிற்றாலயத்தில் பருவத் தொடக்கத் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. நிலத்துக்குரிய குலத்தாரின் பழைய சடங்குகளும் இதனுடன் சேர்ந்தே நிகழ்கின்றன. ஊரில் பிணக்கு இருந்தால் திமிங்கலம் வராது என்னும் நம்பிக்கை வலுவாக உள்ளதால், பருவம் தொடங்குமுன் பங்கு தொடர்பான பூசல்களைப் பேசித் தீர்க்க முயல்கின்றனர்.

மாற்றங்கள்

1970களில் ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, நவீன வேட்டை முறையைக் கற்பிப்பதற்காக நோர்வே நாட்டு வேட்டையாளர் ஒருவரை இங்கு அனுப்பியது. சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் தம் பழைய முறைக்குத் திரும்பினர்.

பின்னர் வந்த வெளிப்பொருத்து இயந்திரமும் செவுள்வலையும் ஆழமான மாற்றத்தை ஏற்படுத்தின. 2000களில் இயந்திரப் படகுகள் தேனாக்களைத் திமிங்கலம் உள்ள இடம்வரை இழுத்துச் செல்லத் தொடங்கின. இதனால் உழைப்பு குறைந்து வேகம் கூடியது. ஆயினும் இயந்திரத்தின் விலையையும் எரிபொருள் செலவையும் பணமாகவே செலுத்த வேண்டும். இறைச்சிக் கீற்றைக் கொடுத்து எரிபொருள் பெற இயலாது. மேலும், வலையையும் இயந்திரப் படகையும் ஒரு குடும்பமோ சில உறவினரோ சேர்ந்து வாங்கிவிட முடியும். தேனாவைப் போல அவற்றுக்குத் தச்சரும் கொல்லரும் பெரிய குழுவும் தேவைப்படுவதில்லை. எனவே அவற்றின் வருவாயில் உரிமை கோரக்கூடியோரின் எண்ணிக்கையும் குறைவு. பள்ளிக்கல்விக்கும் மருத்துவத்திற்கும் பணம் தேவைப்படுவதால் இளைஞர் பலர் வெளியூர்களுக்குச் செல்கின்றனர்.

சட்டமும் பாதுகாப்பும்

வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்திவைப்பதென 1982இல் அனைத்துலகத் திமிங்கல ஆணையம் முடிவெடுத்தது. இந்தோனேசியா அவ்வாணையத்தில் உறுப்பினரன்று. எனினும் 1999ஆம் ஆண்டின் அரசு ஒழுங்குவிதி, திமிங்கல இனங்களைப் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. கொம்புத்திருக்கைகளுக்கு 2014இல் நாடு முழுவதும் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. லாமலேராவின் வேட்டை, தன்தேவைக்கான மரபு வேட்டை என்னும் நிலையில் நடைமுறையில் பொறுத்துக்கொள்ளப்பட்டு வந்துள்ளது.

2009இல் சாவுக் கடல் தேசியக் கடற்பூங்கா அறிவிக்கப்பட்ட காலத்தில், தம் வேட்டைக் கடல் அதில் சேர்க்கப்படுவதை ஊரார் எதிர்த்தனர். அப்பகுதி பூங்காவிற்கு வெளியே விடப்பட்டது. ஸ்பெர்ம் திமிங்கலம் மெதுவாக இனம்பெருக்கும் விலங்கு என்பது பாதுகாப்பு ஆர்வலரின் வாதம். வேட்டை நின்றால் படகும், படகோடு பங்கு முறையும், அதைச் சார்ந்துள்ள முதியோர், கைம்பெண்கள் ஆகியோரின் உணவும் சேர்ந்து மறையும் என்பது ஊராரின் வாதம்.

ஆய்வுகள்

ஆக்சுபோர்டு மானிடவியலாளர் இராபர்ட் பார்ன்சு 1996இல் வெளியிட்ட நூல் இவ்வூரைப் பற்றிய விரிவான ஆய்வாகும். ரூத் பார்ன்சு இவ்வூரின் இக்கத் துணிகளைப் பற்றி 1989இல் நூல் வெளியிட்டார். பங்கீட்டு முறையை மைக்கேல் ஆல்வார்டும் டேவிட் நோலினும் ஆராய்ந்தனர்.

15 சிறு சமூகங்களில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஓர் ஒப்பாய்வில் லாமலேராவும் இடம்பெற்றது. அதில் இருவருள் ஒருவரிடம் ஒரு தொகை கொடுக்கப்பட்டு, மற்றவருக்கு எவ்வளவு தருவார் எனக் கேட்கப்பட்டது. மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. லாமலேராவில் பணத்திற்குப் பதிலாகச் சிகரெட்டுப் பெட்டிகள் பயன்படுத்தப்பட்டன. இங்கு மற்றவருக்கு வழங்கப்பட்ட பங்கு சராசரியாகப் பாதிக்கும் மேல் இருந்தது. அவ்வாய்வில் இடம்பெற்ற சமூகங்களுள் இதுவே மிகுதியானது. கூட்டாக உழைத்துப் பகிரும் அன்றாட வாழ்க்கையே இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதினர்.