ஒட்டக இறைச்சியும் 150 வெள்ளியும்



சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன், இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் நம் குமாரபாளையத்துப் பிள்ளை. சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். விசைத்தறிக் கூடத்தில் தந்தை வாங்கிய முன்பணக் கடனை அடைப்பதற்காகக் கப்பல் கட்டும் தளத்திற்கு வேலைக்குச் சென்றவர். நலம் விசாரித்து முடித்தபின் சற்றே தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், இங்கே காசினோவை அரசாங்கமே உரிமம் கொடுத்து நடத்த விடுகிறது. இந்த ஊர்க் குடிமகன் உள்ளே போக 150 வெள்ளி கட்ட வேண்டும். எங்களுக்கு இலவசம். அந்த 150 வெள்ளியும் தருமக் காரியங்களுக்குத்தான் போகிறது என்கிறார்கள். இத்தனை ஒழுங்காக நடப்பதும் திருட்டுச் சீட்டாட்டமும் ஒன்றுதானா?"

ஹராம் எவர் உரிமம் அளித்தாலும் ஹராமே என்று ஒரே சொல்லில் விடை கூறினேன். அவரும் "சரி ஹஜ்ரத்" என்றார். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அரசின் அனுமதி, வேலி, தருமம் என்று அவர் அடுக்கிய மூன்று நியாயங்களும் புதியன அல்ல. அவற்றுள் கடைசியானது அறியாமைக் காலத்து அரபியரிடமே இருந்தது.

குர்ஆன் 'மைஸிர்' என்று பெயரிட்டுத் தடுத்த சூதாட்டம் எவ்வாறு ஆடப்பட்டது என்பதைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள், குறிப்பாக ஸமக்‌ஷரீயும் இமாம் ராஸியும், விரிவாக எழுதியுள்ளனர். ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அறுத்துப் பங்கிடுவார்கள். பத்து அம்புகளை ஒரு பைக்குள் இட்டுக் குலுக்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒன்றாக உருவுவார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகள் வெறுமையானவை. வெறும் அம்பு வந்தவர்களே ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். இதுவரை எல்லாச் சூதாட்டத்தையும் போன்றதுதான். ஆனால் வென்றவர் அந்த இறைச்சியை உண்ணமாட்டார். ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லிப் பெருமை பேசுவார். ஆட்டத்தில் சேராதவரைக் கஞ்சர் என்று பழிப்பார்கள். குளிர்காலத்தின் வறட்சியில் பட்டினி கிடந்த ஏழைகளுக்கு அது உண்மையிலேயே உணவாயிற்று.

ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் மதுவையும் சூதையும் பற்றிப் பேசும்போது, அவற்றில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்றே கூறுகிறது. அந்தப் 'பயன்' எது என்னும் வினாவிற்கு விரிவுரையாளர்கள் தரும் விடைகளுள் ஒன்று, ஏழைகளுக்குச் சென்ற அந்த இறைச்சி. அதாவது, தருமத்தின் பெயரால் நடந்த சூதாட்டமே முதலில் தடுக்கப்பட்டது. பாடம் நடத்தும்போது நான் பல்லாண்டுகள் விரைந்து கடந்த இடம் இது. அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகே அதன் எடை எனக்குப் புலப்பட்டது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1819இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் ராஃபிள்ஸ் அங்கே கொடி நாட்டியபோது, அதைச் சுங்கவரி இல்லாத துறைமுகம் என்று அறிவித்தார். வணிகர்கள் குவிந்தனர். ஆனால் வரியில்லாத ஊரில் காவலருக்கும் எழுத்தருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? ஊரை நிர்வகித்த வில்லியம் ஃபார்குவர் 1820இல் ஒரு வழி கண்டார். அபின், சாராயம், சூதாட்டம் ஆகிய மூன்றையும் குத்தகைக்கு விட்டார். நம் ஊரில் ஏரி மீனையும் புளியமரத்தையும் ஏலம் விடுவதைப் போல, சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமை ஏலம் போயிற்று. குத்தகைத் தொகை அரசுக்கு. அதற்கு மேல் கிடைப்பது குத்தகைதாரருக்கு.

மீண்டும் வந்து பார்த்த ராஃபிள்ஸ் இதை ஏற்கவில்லை. 1823இல் சூதாட்டக் கூடங்களையும் சேவற்கட்டையும் தடை செய்து ஆணையிட்டார். ஆனால் அவர் கப்பலேறிய அவ்வாண்டே, அடுத்துப் பொறுப்பேற்ற ஜான் கிராஃபர்ட் தடையை நீக்கி மீண்டும் உரிமம் வழங்கினார். மக்கள் எப்படியும் ஆடத்தான் போகிறார்கள்; மறைவில் ஆடுவதைக் காட்டிலும் கண் முன்னே, காவலுடன், அரசுக்கு வருவாய் தந்து ஆடட்டும் என்பதே அவர் தரப்பு வாதம். இன்று எந்த நாட்டில் காசினோ திறந்தாலும் இந்த வாதத்தையே கேட்கிறோம். அன்று அதன் விளைவு என்னவாயிற்று? அக்கூடங்களில் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் பெரும்பாலும் சீனத்திலிருந்து தனியே வந்திருந்த கூலித் தொழிலாளர்கள். ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய நடுவர் குழு இக்குத்தகையைக் கண்டித்தது. 1829இல் சூதாட்டக் குத்தகை நிறுத்தப்பட்டது. அபின் குத்தகையோ இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசுக்கு மனச்சாட்சி ஒரே வேளையில் எல்லாப் பக்கமும் விழிப்பதில்லை.

இடையில் ஒரு செய்தி. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சென்ற நம் முன்னோரான சூலியாக்கள், இன்று சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவியது 1826இல். சூதாட்டக் கூடங்கள் அரசு உரிமத்துடன் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழ் முஸ்லிமுக்குத் தொழுமிடமும் சூதாட்டக் கூடமும் ஒரே ஊரில் திறந்திருப்பது இந்தத் தலைமுறைக்கு மட்டும் வந்த சோதனை அன்று.

தடைக்குப் பின் சூது ஒழிந்ததா என்றால், இல்லை. காவலர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து மறைவில் நடந்தது. பன்னிரண்டு எண்களில் ஒன்றைத் தெரிந்து பணம் கட்டும் 'சாப் ஜி கீ' என்னும் ஆட்டம் வீட்டுப் பெண்கள் வரை பரவியது. இதைக் காரணமாகக் காட்டியே, விடுதலை பெற்ற சிங்கப்பூர் 1968 மே மாதத்தில் 'சிங்கப்பூர் பூல்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, எண் குலுக்கலை அரசின் கைக்குள் கொண்டுவந்தது.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். கேரள அரசு லாட்டரியின் முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. அதைக் கொண்டுவந்த நிதியமைச்சர் பி. கே. குஞ்சு நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பதை வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. அரசுக்கு வருவாயும் ஏழைகளுக்கு விற்பனை வேலையும் கிடைக்கும் என்பது அவரது எண்ணம். தமிழ்நாட்டில் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது அரசுப் பரிசுச்சீட்டு தொடங்கியதும் அதே 1968இல்தான். பரிசு விழுந்தால் உன் வீட்டுக்கு ஆதாயம், விழாவிட்டால் நாட்டுக்கு ஆதாயம் என்னும் பொருள்பட அதற்கு விளம்பரம் செய்தார்கள். தோற்றவன் பணம் பொதுநன்மைக்குச் செல்கிறது என்னும் இந்த ஆறுதல், ஒட்டகத்தின் விலையைக் கட்டியவனுக்கு அரபியர் சொன்ன அதே ஆறுதல்தான்.

தமிழ்நாடு 2003 ஜனவரியில் லாட்டரிக்கு முற்றாகத் தடை விதித்தது. சிங்கப்பூர் எதிர்த்திசையில் நடந்தது. அந்நாட்டின் மன்றங்களில் ஜாக்பாட் எந்திரங்கள் முன்பே இருந்தன. காசினோ மட்டும் இல்லை. லீ குவான் யூ அதை நெடுங்காலம் எதிர்த்தவர். ஆனால் சுற்றுலா வருவாய் அண்டை நகரங்களுக்குப் போய்விடும் என்னும் அச்சம் மேலோங்கியது. பல்லாயிரவர் கையெழுத்திட்டு எதிர்த்தும், 2005 ஏப்ரல் 18 அன்று பிரதமர் லீ சியன் லூங் இரண்டு காசினோக்களுக்கு அனுமதி உண்டென்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2006இல் சட்டம் வந்தது. 2010இல் இரண்டும் திறக்கப்பட்டன. ஒன்று மரினா கரையில். மற்றொன்று செந்தோசாத் தீவில். இத்தீவின் பழைய மலாய்ப் பெயர் 'பிளாக்கான் மாத்தி'. 'மாத்தி' என்றால் இறப்பு. 1970களின் தொடக்கத்தில் அப்பெயரை மாற்றி, அமைதி என்னும் பொருள் தரும் 'செந்தோசா' என்று வைத்தார்கள்.

அவர்கள் எழுப்பிய வேலியை நான் குறைத்துப் பேசமாட்டேன். 21 வயதுக்கு உட்பட்டவர் நுழைய முடியாது. காசினோவுக்குள் பணம் எடுக்கும் ஏ.டி.எம். கிடையாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்திற்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்றிருந்தது. 2019 ஏப்ரலில் அது 150 ஆயிற்று. கடனில் நொடித்தவர்களுக்கும் அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கும் கதவு தானாகவே மூடப்படும். எனக்கு மிகவும் பிடித்தது குடும்ப விலக்காணை: கணவன் சூதால் குடும்பத்தைக் கெடுக்கிறான் என்றால் மனைவி விண்ணப்பித்து அவனை வாசலிலேயே தடுக்கச் செய்யலாம். நம் ஊரில் எத்தனையோ பெண்களுக்கு இப்படி ஒரு சாவி கையில் இருந்திருந்தால் தாலிச் சங்கிலியாவது மிஞ்சியிருக்கும்.

ஆனால் வேலி யாரைச் சுற்றி எழுப்பப்பட்டது என்று பாருங்கள். நுழைவுக் கட்டணம் குடிமகனைக் காக்க வந்தது. வெளிநாட்டவருக்கு அது இல்லை. தம் மக்களுக்குக் கேடு என்று அறிந்ததால்தான் 150 வெள்ளியைக் குறுக்கே வைத்தார்கள். பிறநாட்டுப் பயணியின் பணம் வேண்டும் என்பதால் அவருக்குத் திறந்து வைத்தார்கள். அந்த அகன்ற கதவின் வழியே கோடீஸ்வரப் பயணியோடு நம் கப்பல் தளத்துத் தொழிலாளியும் நுழைந்துவிடுகிறார். எங்களுக்கு இலவசம் என்று அந்தப் பிள்ளை சொன்னதைச் சலுகை என்று எடுத்துக்கொண்டிருந்தார். அது சலுகை அன்று. அவரைக் காப்பது எவர் கடமையும் இல்லை என்பதன் அடையாளம்.

நுழைவுக் கட்டணம் சிங்கப்பூரின் டோட் வாரியத்தின் வழியே அறப்பணிகளுக்குச் செல்வது உண்மைதான்.

உள்ளே இருக்கும் எந்திரத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மூன்று சக்கரங்கள் சுழன்று நிற்கும் இவ்வெந்திரம் 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் உருவானது. இன்று சக்கரம் வெறும் படம். உள்ளே ஒரு கணினிச் சில்லு எண்களைத் தாறுமாறாக உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. போன சுற்றுக்கும் வரும் சுற்றுக்கும் தொடர்பே இல்லை. "இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழும்" என்பது வெறும் மயக்கம். ஒரு பேச்சுக்கு, எந்திரம் 100க்குச் சராசரியாக 90ஐத் திருப்பித் தருகிறது என்று கொள்வோம். தாராளம் என்றே தோன்றும். ஆனால் திரும்பிய 90ஐ மீண்டும் ஆடினால் 81. அதையும் ஆடினால் 73க்கும் கீழே. இவ்வாறு முழுத்தொகையையும் பத்து முறை ஆடி முடிக்கும்போது கையில் நிற்பது ஏறத்தாழ 35. ஒரு சுற்றுக்குச் சில நொடிகளே ஆகும். அம்பு உருவிய அரபியராவது அடுத்த ஒட்டகம் வரும் வரை காத்திருந்தார்கள்.

நம் ஊர் மட்டும் தப்பிவிட்டதாக எண்ண வேண்டா. லாட்டரிக்குத் தடை வந்து இருபது ஆண்டுகள் கடந்தும், கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி காவிரியின் இரு கரைகளிலும் ஓயவில்லை. தாள் சீட்டு மறைந்து கைப்பேசியில் எண் அனுப்பும் முறை வந்துவிட்டது. வாரக்கூலி வாங்கிய தறித் தொழிலாளி வீடு சேர்வதற்குள் பாதியை அதில் விட்டுவிடுகிறார். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2021இல் இயற்றிய சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. மறுபடியும் இயற்றிய சட்டம் ஆளுநரிடமிருந்து திரும்பி வந்து, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அச்சட்டத்திலிருந்து நீதிமன்றம் விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. தடையால் மட்டும் சூது ஒழியும் என்று வாதிட என்னிடம் சான்று இல்லை. உரிமத்தால் அது தூய்மையாகும் என்பதற்கு 1820 முதல் இன்று வரை எவரிடமும் சான்று இல்லை.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின் நானே அந்தப் பிள்ளையை அழைத்தேன். அவர் கேட்காத ஒன்றையும் சொன்னேன்: வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவரும் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ள அங்கே விண்ணப்பிக்கலாம்; பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் அவ்வாறு செய்திருக்கிறார்கள். பதிந்துவிட்டால் அறைத் தோழர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் வாசலில் உள்ளே விடமாட்டார்கள்.

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "ஹஜ்ரத், ஒரு தடவை 400 வெள்ளி விழுந்தது. அதைத் தொடாமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். நம் பள்ளியில் ஒளுச் செய்யும் இடத்தைப் புதுப்பிக்கிறார்களாமே, அதற்கு அனுப்பட்டுமா?"

"பள்ளிக்கு வேண்டாம் தம்பி" என்றேன். "தோற்றவர் யாரென்று உமக்குத் தெரியாது, திருப்பிக் கொடுக்க வழியில்லை. தேவையுள்ள ஏழை எவருக்காவது கொடுத்துவிடும். நன்மை கிடைக்கும் என்று நிய்யத் வைக்க வேண்டாம். கையைக் கழுவிக்கொள்வதாக மட்டும் நினைத்துக்கொள்ளும்."

"அப்போது அது ஸதகா ஆகாதா?"

"ஆகாது."

மறுநாள் இரவு, விண்ணப்பம் பதிவானதைக் காட்டும் படம் ஒன்று என் கைப்பேசிக்கு வந்தது. கீழே ஒரு வரி: அந்த அறையில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்களாம், அடுத்த விடுமுறை நாளில் அவர்களிடம் நான் தொலைபேசியில் பேச இயலுமா என்று கேட்டிருந்தார்.