சோதிக்கப்படாத ஆக்சிஜன்

‘மருத்துவச் சோதனை’ என்று யாராவது சொன்னாலே நம் கூட்டங்களில் முதலில் வரும் பதில், “எங்கள் பிள்ளைகள் என்ன சோதனை எலிகளா?” என்பதுதான். அந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்கு மருந்து கொடுக்காமல் அது எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறை. இங்கே, 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் மாணவிகளுக்குத் தடுப்பூசி போட்டு நடந்த ஆய்வில், பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த மாணவிகளில் பலர் பழங்குடிப் பிள்ளைகள்.

ஆனால் வரலாற்றில் இன்னொரு கதையும் உண்டு. சோதித்துப் பார்க்காமலே கொடுக்கப்பட்ட ஒரு சிகிச்சை ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கண்களைப் பறித்த கதை. அந்தச் சிகிச்சை விஷ மருந்து ஒன்றுமல்ல. ஆக்சிஜன்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் முழுதாக வளர்ந்திருக்காது. மூச்சு விட்டுவிட்டு வரும், சில நேரம் நின்றேபோகும். ஆக்சிஜன் நிறைந்த காற்றில் வைத்தால் அந்த மூச்சு சீராகிறது என்று 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் கண்டார்கள். காற்றுப் புகாத புதுவகை இன்குபேட்டர்களும் அதே காலத்தில் வந்தன. மூச்சுத் திணறுகிறதோ இல்லையோ, குறைமாதக் குழந்தை என்றாலே வாரக்கணக்கில் ஆக்சிஜன் என்பது வழக்கமாயிற்று. நல்லதுதானே, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்ற எண்ணம்தான்.

1942இல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி ஒரு புதிய நோயைப் பற்றி எழுதினார். குறைமாதக் குழந்தைகளின் கண்ணில், லென்சுக்குப் பின்னால் தழும்பு போன்ற திசு வளர்ந்து பார்வையை அடைத்துவிடுகிறது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இந்த நோயால் பார்வை இழந்தார்கள். 1950இல் மிச்சிகனில் குறைமாதத்தில் பிறந்த கறுப்பினப் பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

காரணம் தெரியாமல் மருத்துவர்கள் திணறினார்கள். நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மனும் அவரோடு இருந்தவர்களும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். 31 குழந்தைகளில் 25 பேருக்குப் பார்வை சரியாகவே இருந்தது. அந்த மருந்து கொடுக்கப்படாத வேறொரு மருத்துவமனையில் 7 பேரில் 6 பேருக்குப் பார்வை போயிற்று. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அவர்கள் நிற்கவில்லை. ஒரே மருத்துவமனையில், யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் கொடுக்காதவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் பார்வை போயிற்று. மருந்து வாங்கிய குழந்தைகளில் சாவும் அதிகம். முதலில் கிடைத்த 25 என்ற எண்ணிக்கைக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் தானாகவே தணிந்திருக்கும். சமூக ஆய்வு படிக்கும் தோழர்கள் இந்த எண்களை மறக்கக் கூடாது.

ஆக்சிஜன் மேல் சந்தேகம் வந்ததும் விசித்திரமான வழியில்தான். மெல்போர்னில் கேட் கேம்பெல், ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த இடத்தையும் அளவாகக் கொடுத்த இடத்தையும் ஒப்பிட்டு 1951இல் எழுதினார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மேரி கிராஸ் கவனித்தது இன்னும் கசப்பானது. 1948இல் அரசின் இலவச மருத்துவத் திட்டம் வந்து, ஆக்சிஜன் வாங்கக் காசு கிடைத்த பிறகுதான் அவர் மருத்துவமனையில் இந்த நோய் பெருகியது. காசில்லாத காலத்தில் வறுமையே கண்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதை வைத்து இலவச மருத்துவம் கெட்டது என்று யாராவது வாதாட வந்தால் விடாதீர்கள். கெட்டது சோதிக்காத சிகிச்சைதான்.

வாஷிங்டன் நகரின் ஏழைகளும் கறுப்பின மக்களும் போய்வந்த மாநகராட்சி மருத்துவமனை கேலிங்கர். அங்கே பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் ஆர்னல் பேட்ஸ், குழந்தைகளை மாற்றி மாற்றி இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துப் பார்க்க விரும்பினார். அரசின் ஆய்வு நிறுவனம் பணம் தர மறுத்தது. ஆக்சிஜனைக் குறைத்தால் குழந்தைகள் செத்துப்போகும் என்றது. பேட்ஸ் தன் அண்ணன் தம்பியிடம் கடன் வாங்கி ஆய்வைத் தொடங்கினார். அதிலும் சிக்கல். சில செவிலியர்கள், பச்சைப் பிள்ளைக்குக் காற்றைக் குறைப்பதா என்று மனம் பொறுக்காமல், இரவில் ஆக்சிஜனைக் கூட்டி வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. 1952இல் வெளியான முடிவில், அதிக ஆக்சிஜன் பெற்ற 28 குழந்தைகளில் 7 பேருக்கு நோய் முற்றியிருந்தது. குறைவாகப் பெற்ற 37 பேரில் ஒருவருக்கும் இல்லை.

பிறகு 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953 ஜூலையில் தொடங்கிய பெரிய ஆய்வு இதை உறுதி செய்தது. வழக்கப்படி ஆக்சிஜன் பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்குக் கண்ணில் தழும்பு நின்றது. தேவைக்கு மட்டும் பெற்றவர்களில் அது 7 சதவீதம். வளர்ந்து முடியாத விழித்திரையில் அதிக ஆக்சிஜன் ரத்தக் குழாய்களின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது, பிறகு அவை தாறுமாறாகக் கிளைத்து விழித்திரையையே இழுத்துப் பிய்க்கின்றன என்று பின்னால் விளங்கிற்று. பேட்ஸுக்கும், பெரிய ஆய்வை ஒருங்கிணைத்த எவரெட் கின்சிக்கும் 1956இல் லாஸ்கர் விருதைக் கொடுத்தவர் ஹெலன் கெல்லர்.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. அந்தப் பெரிய ஆய்வில் ஒரு ஓட்டை இருந்தது. பிறந்து 48 மணி நேரம் உயிரோடிருந்த குழந்தைகளை மட்டுமே அதில் சேர்த்தார்கள். மூச்சுத் திணறி முதல் இரண்டு நாளில் சாகும் குழந்தைகள் கணக்கிலேயே வரவில்லை. ஆக்சிஜனைக் குறைத்தால் சாவு கூடாது என்று அதை வைத்து முடிவு கட்டி, காற்றில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கூடாது என்று விதி வைத்தார்கள். கண்பார்வை இழப்பு குறைந்தது. முதல் நாள் சாவுகள் கூடின. பார்வை தப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் சுமார் 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று 1973இல் கென்னத் கிராஸ் கணக்கிட்டார். யாரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதே கேள்வியை அன்று ஒரு மருத்துவர் உரக்கக் கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும்!

இவ்வளவிலும் தாய்மார் எங்கே? பெற்றோருக்கு விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற சட்டம் 1953இல் அமெரிக்காவில் இல்லை. சட்டம் வந்த பிறகும் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2005 முதல் 2009 வரை ‘சப்போர்ட்’ என்ற ஆய்வு 1,316 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை ஒரு குழுவில் 85 முதல் 89 சதவீதத்திலும், மற்றதில் 91 முதல் 95 சதவீதத்திலும் வைத்தார்கள். உண்மை அளவு ஊழியர்களுக்கே தெரியாதபடி கருவிகளை மாற்றி அமைத்திருந்தார்கள். குறைந்த அளவுக் குழுவில் 19.9 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றதில் 16.2. கடும் கண் நோய் முறையே 8.6 சதவீதம், 17.9 சதவீதம். ஐம்பது ஆண்டுப் புதிருக்கு விடை சொல்ல உதவிய ஆய்வு இது. இன்று மருத்துவமனைகள் அளவைச் சற்று உயர்த்தி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவங்களில், பார்வை போகலாம், உயிர் போகலாம் என்ற அபாயம் சரியாகச் சொல்லப்படவில்லை. ஆய்வில் பங்கேற்பவர்களைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அலுவலகமே 2013 மார்ச்சில் இதைக் கடிதமாக எழுதியது. இரண்டு அளவுகளும் வழக்கமான சிகிச்சைக்குள் அடங்கியவைதான், கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை என்று ஆய்வாளர்கள் தரப்பு வாதாடியது. அரசின் பெரிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் தலைவரே அவர்களுக்கு ஆதரவாக எழுதினார். இதை நாம் ஏற்க முடியாது. எந்த அளவில் சாவு அதிகம், எதில் கண் போகும் என்று அறியத்தானே ஆய்வு நடத்தினீர்கள்? அதைத் தாயிடம் சொல்வதில் என்ன தடை?

கண்ணைக் காப்பதா, உயிரைக் காப்பதா என்பது 1954இலேயே கிளம்பிவிட்ட கேள்வி. அது மருத்துவர்களுக்குத் தெரியும், படிவம் எழுதியவர்களுக்கும் தெரியும். பிரசவ வலியோடு அதில் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் தெரியாது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டனில் அரசு ஒரு பொது விசாரணை நடத்தியது. பெற்றோர் சிலரும் வந்து பேசினார்கள். அலபாமாவில் சில குழந்தைகளின் சார்பில் வழக்கும் நடந்தது. ஆய்வில் சேர்ந்ததால்தான் தங்களுக்குப் பாதிப்பு வந்தது என்று அவர்களால் நிரூபிக்க முடியவில்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2018இல் கைவிரித்துவிட்டது.